ஓடுகிற காருக்கு ஓர் இரங்கல் கடிதம்

ஆன்றோவின் கார் இறந்துவிட்டது என்ற கடிதம் வந்த அன்று, அதை வாங்க ஆன்றோ அந்தக் காரில்தான் தபால் நிலையத்துக்குப் போயிருந்தான்.

பதிவுத் தபால். வீட்டில் ஆள் இல்லாததால் தபால்காரர் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆன்றோ கையெழுத்துப் போட்டு உறையை வாங்கியதும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். பசை ஒட்டிய இடத்தில் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கவேண்டும். காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு படித்தான்.

‘தங்கள் வாகனம் முழு இழப்பு அடைந்துவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இந்தத் துயரமான வேளையில் அரவணைப்பு ஜெனரல் இன்ஷூரன்ஸ் குடும்பம் தங்கள் கூடவே நிற்கிறது. பதினைந்து நாட்களுக்குள் வாகனத்தையும் அதன் இரண்டு சாவிகளையும் ஒப்படைத்து, உரிய தொகையைப் பெற்று, மன அமைதி அடையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

ஏசியிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. இறந்தவரிடமிருந்து வருவதற்கு அது கொஞ்சம் அதிகமாகவே சில்லென்று இருந்தது.

கார் ஒன்பது வருடப் பழசு, வெள்ளி நிறம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆத்தங்குடி ரோட்டில் ஓரமாக நிறுத்தியிருந்தபோது, தரைக்கல் ஏற்றிய மினி லாரி ஒன்று பின்னோக்கி வந்து அதன் இடது விலாவில் இடித்தது. இடது பக்கத்துக் கதவுகள் இரண்டும் உள்ளே அமுங்கின. முன்விளக்கு ஒன்று உடைந்தது. பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்கியது. அவ்வளவுதான். லாரி டிரைவர் இறங்கிவந்து, தன் கற்களில் ஒன்றும் உடையவில்லை என்று பார்த்துக்கொண்டு, “பெரிசா ஒண்ணுமில்லண்ணே, தட்டி எடுத்தாச் சரியாப்போகும்” என்றான். இந்த விவகாரத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான் என்பது போகப்போகத் தெரிந்தது.

கார் இல்லாமல் ஆன்றோ சமாளித்துக்கொள்வான். தேவகோட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவி பெல்சியும் பஸ்ஸில் போய்விடுவாள். சமாளிக்க முடியாதவர் பெல்சியின் அம்மா வியாகுலம்மாள். இடுப்பு எலும்பு உடைந்து தகடு வைத்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். போகாவிட்டால் அந்தக் கால் அப்படியே மடங்காமல் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் படி ஏற முடியாது. வாடகைக் கார் மூன்றில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒன்று பள்ளம், ஒன்று உயரம், மூன்றாவதின் டிரைவரை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆன்றோவின் காரின் பின்சீட்டு மட்டும் அவர் இடுப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன தொகைக்கு அப்படியொரு கார் வேண்டாம், அப்படியொரு சீட்டு கிடைத்தாலே அதிசயம்.

அன்று சாயங்காலம் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது வியாகுலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தபடியே கேட்டார்:

“அப்ப என்னைய நேத்து ஜெபக்கூட்டத்துக்கு எதுல கூட்டிட்டுப் போனீக மாப்ளே?”

“கார்லதான் அத்தை.”

“செத்ததுலயா?”

ஆன்றோ கடிதத்தை மறுபடி மடித்தான். அவன் யோசனை வேறு பக்கம் போயிருந்தது. இதில் எங்கோ ஒரு கை இருக்கிறது. அது யாருடைய கை?

முதல் சந்தேகம் சர்வேயர் பாண்டியராஜன்மேல். விபத்து நடந்து நான்காம் நாள் பைக்கில் வந்து காரைப் பார்த்தவர் அவர். சேதமான இடது பக்கத்தை இரண்டு நிமிடமும், ஒன்றும் ஆகாத வலது பக்கத்தைப் பதினைந்து நிமிடமும் பார்த்தார். டிக்கியைத் திறந்து மாற்றுச் சக்கரத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு கேட்டார்:

“வண்டில எதும் மாத்தியிருக்கீகளா?”

இந்த இடத்தில்தான் ஆன்றோ தப்புச் செய்தான். பழம்பொருள் கடையில் பத்து வருடம் நின்றவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தூண், கதவு, பீங்கான், கண்ணாடி விற்கிற அந்தக் கடையில் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆக உயர்ந்த வார்த்தை ஒன்றுதான். அதைச் சொல்லும்போது விற்பவன் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வான்.

“ஒரு ஆணிகூட மாத்தல சார். எல்லாமே ஒரிஜினல். கம்பெனில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு.”

பாண்டியராஜன் அதுவரைக்கும் சிரிக்கவில்லை. அப்போது சிரித்தார். எழுதியும் கொண்டார்.

கடிதத்தோடு இணைத்திருந்த அறிக்கையில் அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கியது. ‘வாகனத்தின் எல்லாப் பாகங்களும் ஒரிஜினல் என உரிமையாளரே பெருமையுடன் கூறியுள்ளபடியால், ஒரிஜினல் பாகங்களை மட்டுமே பொருத்த இயலும். இடது கதவுகளின் ஒரிஜினல் தற்போது தனியாகக் கிடைப்பதில்லை. ஆகவே கதவுகளும், கதவுகளைத் தாங்கும் சட்டமும், சட்டம் தாங்கும் கூரையும், கூரையைத் தொடும் முன்கண்ணாடியும், முன்கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பானும்...’ இப்படியே அது காருக்குள் நுழைந்து, சீட்டுகளைக் கடந்து, ஹாரன் வரைக்கும் போய்வந்தது. கடைசி வரி: மிதியடி, நான்கு.

பழுதுச் செலவு காரின் மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் முழு இழப்பு. இது விதி. அறிக்கையின்படி செலவு எழுபத்தைந்து புள்ளி நான்கு. ஆன்றோ ஒரு தாளில் கூட்டிப் பார்த்தான். மிதியடியை எடுத்துவிட்டால் எழுபத்து நான்கு புள்ளி ஒன்பது. காரின் உயிர் நான்கு மிதியடியில் ஊசலாடிப் போயிருந்தது.

இரண்டாவது சந்தேகம் தங்கச்சாமி என்ற குரல்மேல். கடிதம் வியாழக்கிழமை வந்தது. தங்கச்சாமி செவ்வாய்க்கிழமையே போன் செய்துவிட்டான்.

“அண்ணே, நான் பழைய வண்டி எடுக்குறவன். தேவகோட்டை ரோட்டுல யார்டு. உங்க வெள்ளிக் காரு என் பேருக்கு வந்திருக்கு. சாவி ரெண்டும் கையில இருக்குல்ல?”

“என் கார நான் யாருக்கும் விக்கலையே?”

“விக்க வேணாம்ணே. அது தானா வரும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு அக்கறையோடு கேட்டான்: “மிதியடி நாலும் நல்லாருக்கா?”

கடிதம் வந்த மறுநாள் கடை முதலாளி முத்துக்கருப்பனிடம் ஆன்றோ எல்லாவற்றையும் சொன்னான். முத்துக்கருப்பன் வெண்கலச் செம்பு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நூறு வருடப் பழசாகத் தெரிய அதை எந்த அளவோடு நிறுத்தவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

“ஏப்பா, பழைய வீட்டுத் தூணு விலை பேசப் போறியே, அங்க போய் முதல்ல என்ன சொல்லுவ?”

“சுவத்துல ஈரம் ஏறிருச்சு ஆச்சி, அடுத்த மழை தாங்காதும்பேன்.”

“தாங்காதா?”

“நான் சொன்னதுல பாதி வீடு இன்னும் நிக்குது அண்ணே.”

“வீடா நின்னா அது ஒரு விலை. தூணா, கதவா, கண்ணாடியா பிரிச்சா எட்டு விலை. உன் சர்வேயருக்கும் அதே படிப்புத்தான். நம்மளது மரம், அவுகளது இரும்பு.” செம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “எதுக்கும் அந்தக் கார் கதவு கழண்டா சொல்லு. கண்ணாடி போட்டு மேசையாக்கினா வெளிநாட்டுக்காரன் எடுப்பான்.”

அன்றிலிருந்து முத்துக்கருப்பன்மேலும் ஆன்றோவுக்குச் சந்தேகம் வந்தது. அதைவிட மோசமாக, தன்மேலேயும் கொஞ்சம் வந்தது. தூண் விலை பேசப் போன தேனம்மை ஆச்சி வீட்டின் முகப்பில் நின்று, நல்ல சுவரை விரலால் தட்டி, உதட்டைப் பிதுக்கிய தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். பாண்டியராஜனின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அரவணைப்பின் கிளை அலுவலகம் ஊருக்குள் செக்காலைப் பகுதியில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இருந்தது. கீழே காவலாளி காரின் எண்ணைக் கைக்கருவியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இந்த நம்பருக்கு டோக்கன் போட முடியாது சார். செத்ததுன்னு காட்டுது.”

“அப்ப எங்க நிப்பாட்டுறது?”

“எங்க வேணாலும் நிப்பாட்டுங்க. அதான் இல்லையே.”

கிளை மேலாளர் காளீஸ்வரி கனிவானவர். அவர் மேசைக்குப் பின்னால் குடை பிடித்த ஒரு குடும்பத்தின் படம் இருந்தது. படத்தில் மழை பெய்யவில்லை. ஆன்றோ ஜன்னலைக் காட்டி, “மேடம், கார் கீழதான் நிக்குது. நான் அதுலதான் வந்தேன். ஒரு தடவை எட்டிப் பாருங்க” என்றான்.

காளீஸ்வரி தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி திருப்பிக்கொண்டார்.

“பார்க்க முடியாது சார். பார்த்தா அது ஆய்வு. ஆய்வு பண்ண எனக்கு அதிகாரம் இல்லை.”

“சும்மா பாருங்க மேடம். ஆய்வா பார்க்க வேணாம்.”

“சும்மா பார்க்கிறதுக்கும் எனக்கு அதிகாரம் இல்லை.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா வண்டி ஓடுதுங்கிறது உங்களோட தனிப்பட்ட அனுபவம். எங்ககிட்ட இருக்கிறது ஆவணம். நாளைக்கே ஒருத்தர் வந்து, ‘என் வண்டி நல்லாத்தான் இருக்கு, எனக்கு இழப்பே இல்லை’ன்னு சொன்னா நாங்க எதுக்கு சார் இருக்கோம்? இழப்பு இருக்கிறவரைக்கும்தான் அரவணைக்க முடியும்.”

“நான் அதான் மேடம் சொல்றேன். எனக்கு இழப்பே இல்ல. கதவ மட்டும் தட்டிக் குடுங்க.”

“பாருங்க, எல்லாமே ஒரிஜினல்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ஒரிஜினல் கதவைத் தட்டினா அப்புறம் அது ஒரிஜினலா? உங்க வார்த்தையைக் காப்பாத்தத்தான் சார் கம்பெனி இவ்வளவு செலவு பண்ணுது.”

ஆன்றோ மறுப்புப் படிவம் கேட்டான். கிடைத்தது. பதினோராம் கேள்வி: ‘வாகனம் தற்போது எங்கே உள்ளது?’ பதிலுக்கு மூன்று கட்டங்கள்: விபத்து நடந்த இடம், பழுதுபார்க்கும் இடம், கழிவு வாகன யார்டு. வீடு என்று ஒன்று இல்லை. எந்தக் கட்டத்தையும் குறிக்காமல் கொடுத்தால் கணினி வாங்காது என்றார் காளீஸ்வரி. பிறகு உதவி செய்யும் முகத்தோடு தானே மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டார். ஆன்றோவுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே விழுந்துவிட்டது.

“இதை மேல அனுப்பறேன். அதுக்கு முன்னாடி நீங்க இழப்பு ஏற்பு அமர்வுல கலந்துக்கணும். சான்றிதழ் இல்லாம மேல்முறையீடு எடுக்க மாட்டாங்க.”

“இழப்ப ஏத்துக்கிட்டாத்தான், ஏத்துக்கலன்னு சொல்ல முடியுமா?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்” என்றார் காளீஸ்வரி.

அமர்வு புதுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் சிறிய கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. சர்ச்சில் பூசை முடிந்து ஆன்றோ நேராக வந்தான். வாகனம் நிறுத்துமிடத்தில் இடமே இல்லை. கார்கள், ஒரு லோடு ஆட்டோ, டயருக்கு மேலே தகரம் கிழிந்த ஒரு வேன். எல்லாவற்றின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும் அதே கடிதம் நீல முத்திரையோடு கிடந்தது. முழு இழப்பு அடைந்த வாகனங்கள் அனைத்தும் தம் உரிமையாளர்களைக் கூட்டிக்கொண்டு தாமாகவே வந்து வெயிலில் வரிசையாக நின்றன. சிலவற்றின் எஞ்சின் இன்னும் சூடு ஆறாமல் டிக் டிக் என்று சத்தமிட்டது. ஆன்றோ அவற்றுக்கு நடுவே நடந்தபோது, கல்லறைத் திருநாளன்று நடப்பதுபோல மெதுவாக நடந்தான். பிறகு அப்படி நடந்ததற்காக வெட்கப்பட்டான்.

பேச வந்தவர் நித்யஸ்ரீ. சென்னைத் தலைமை அலுவலகத்தில் வாடிக்கையாளர் ஆறுதல் பிரிவின் அதிகாரி. வெள்ளைச் சுடிதார், மெல்லிய குரல்.

“இழப்புங்கிறது வண்டியில இல்லை, மனசுல இருக்கு. எங்க ஆய்வுப்படி நூத்துக்கு எண்பது பேர் முதல் கட்டத்துல வண்டி ஓடுதுன்னு நம்புறாங்க. இதை மறுப்பு நிலைன்னு சொல்றோம். இரண்டாவது கட்டம் கோபம். மூணாவது கட்டம் நுகர்வோர் நீதிமன்றம். நாலாவதுதான் ஏற்பு. மூணாவதுல நீங்க கஷ்டப்படக் கூடாது, நேரா நாலாவதுக்கு வந்துடணும். இதுதான் எங்க கம்பெனியோட கருணை.”

எல்லோரையும் கண்ணை மூடி, தங்கள் வாகனத்தை மனதில் நிறுத்தி, அதற்குப் பிரியாவிடை சொல்லச் சொன்னார். லோடு ஆட்டோவில் காய்கறி விற்கும் சோலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டே கையைத் தூக்கினார்.

“தாயி, பிரியாவிடை சொல்லிப்புட்டு அதுலயே வீட்டுக்குப் போகலாமா? உள்ள கத்தரிக்கா இருக்கு, வாடிரும்.”

நித்யஸ்ரீ யோசித்தார். “போகலாம்மா. ஆனா அது போறதா நினைச்சுக்காதீங்க.”

அப்போது வெளியே ஏதோ ஒரு காரின் திருட்டு எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. கூடத்தில் இருந்த பதினான்கு பேரும் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார்கள். அது தங்களுடையதா என்று ஒவ்வொருவரும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்கள். நித்யஸ்ரீக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மணி ஓயும்வரை புன்னகையோடு நின்றுவிட்டு, வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டார்.

பதிவேட்டின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. ஆன்றோ தாளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். ‘கையெழுத்திடுபவர் முழு இழப்பை ஏற்றுக்கொண்டவர் ஆவார்.’ பழைய சாமான் பார்க்கப் போகிற இடத்தில், பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவனிடம் வீட்டுக்காரர்கள் சிலசமயம் கையெழுத்துக் கேட்பார்கள், பின்னால் ஒன்று காணாமல்போனால் கேட்பதற்காக. அப்போது வியாபாரிகள், எதையும் எடுக்கவில்லை என்று காட்ட, பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்ப்பது வழக்கம். ஆன்றோ அதையே சேர்த்தான். ‘பார்த்தேன். ஆன்றோ.’ சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளைப் புறா பறந்துகொண்டிருந்தது.

காரை ஒப்படைக்க நான்கு நாள் பாக்கி இருந்தபோது சென்னையிலிருந்து மேல்முறையீட்டு அதிகாரி வந்தார். காலை ரயிலில் வந்து இறங்கியவருக்குச் சொல்லிவைத்த டாக்ஸி வரவில்லை. ஆன்றோவுக்குப் போன் செய்தார்.

“மிஸ்டர் ஆன்றோ, வாகனத்தைப் பார்க்கணும். யார்டுக்கு நான் எப்படி வர்றது?”

“ஸ்டேஷன்லயே இருங்க சார். நான் என் வண்டிய எடுத்துட்டு வாரேன்.”

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனாலும் பின்னால் இதைத்தான் அவர் சதி என்று நினைத்தார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. இடது கதவு திறக்காது என்று ஆன்றோ சொன்னதும் வலது பக்கம் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் கோப்பு.

“எங்க சார் போகணும்?”

“ஆவணப்படி வாகனம் தேவகோட்டை ரோடு யார்டுல இருக்கு. உங்க படிவத்துலயே குறிச்சிருக்கீங்க. அங்கே போங்க.”

ஆன்றோ கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். விளையாடுகிறாரா, வேவு பார்க்கிறாரா என்று தெரியவில்லை. பேசாமல் தேவகோட்டை ரோட்டில் திருப்பினான். இப்படியாக அந்தக் கார், தன்னைத் தேடிக்கொண்டு புறப்பட்டது.

“சீட்டு வசதியா இருக்கு” என்றார் அதிகாரி ஊரைத் தாண்டியதும். “எந்த வருஷத்து வண்டி?”

“ஒன்பது வருஷம் ஆச்சு சார்.”

“நல்லா வச்சிருக்கீங்க. செத்துப்போன வண்டியையும் இப்படிப் பார்த்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது.”

கோப்பைத் திறந்தார். சர்வேயர் எடுத்த படங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் நின்றார். காரின் உட்புறம். கண்ணாடியிலிருந்து மர மணிச் செபமாலை ஒன்று தொங்குகிறது, சிலுவையின் ஒரு கை உடைந்திருக்கிறது. அதிகாரி தலையை மெதுவாக உயர்த்தினார். அவருக்கு எதிரே, ஒரு கை உடைந்த சிலுவை சாலையின் குலுக்கலுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க.”

ஆன்றோ நிறுத்தினான். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அதிகாரி இறங்கி, காரைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றார். வியர்த்திருந்தது.

“நான் எதுல உட்கார்ந்து வந்தேன்?”

“என் வண்டியில சார். போன்லயே சொன்னேனே.”

“இது முழு இழப்பு. முடிவான தேதியிலிருந்து இது கம்பெனியோட கழிவுச் சொத்து. கழிவுச் சொத்தைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துற அதிகாரிக்கு என்ன நடக்கும் தெரியுமா? அந்தச் சுற்றறிக்கையை எழுதினதே நான்தான். போன வருஷம் சேலத்துல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் வெறும் ஸ்டெப்னிமேல உட்கார்ந்திருந்தார்.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “யார் உங்களை அனுப்பினது? பாண்டியராஜனா? காளீஸ்வரியா?”

பழைய சாமான் வியாபாரத்தில் ஆன்றோ பத்து வருடத்தில் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று. எதிராளி தானாகப் பேசத் தொடங்கிவிட்டால் நாம் வாயைத் திறக்கக் கூடாது. தூணைப் பார்க்கலாம், வானத்தைப் பார்க்கலாம், செருப்பைச் சரிசெய்யலாம். அவன் செருப்பைச் சரிசெய்தான்.

“சரி, பஸ்ஸுல போயிடறேன்” என்றார் அதிகாரி.

ஒரு பஸ் வந்தது. கை காட்டினார். நிற்கவில்லை.

“ஆனா ஏறினது ஏறினதுதானே. ஸ்டேஷன்ல கேமரா இருக்கும்.”

ஆன்றோ கருவேலங்காட்டைப் பார்த்தான். ஒரு கீரி சாலையைக் குறுக்கே கடந்தது.

“இது செத்த வண்டின்னா, நான் குற்றவாளி.” அதிகாரி கோப்பால் தலைக்கு நிழல் பிடித்தபடி தனக்குத்தானே வழக்காடினார். “நான் குற்றவாளி இல்லை. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ இல்லை. அப்படின்னா இது செத்த வண்டி இல்லை. தர்க்கம் அதான் சொல்லுது. அப்படித்தானே?”

ஆன்றோ இன்னொரு செருப்பைச் சரிசெய்தான்.

கால்மணி நேரம் கழித்து அதிகாரி மூன்று பேனாக்களில் நீலப் பேனாவைத் தேர்ந்தெடுத்து, காரின் முன்பக்கத்தில் கோப்பை வைத்து எழுதினார். ‘நேரில் ஆய்வு செய்தேன். வாகனம் முழு இழப்பு அடையவில்லை. நல்ல நிலையில் ஓடுகிறது. நான் பயணம் செய்தது நல்ல நிலையில் ஓடும் வாகனத்தில்.’ கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு போட்டார். ஆன்றோ அதை இரண்டுமுறை படித்துவிட்டு, வண்டி எண்ணையும் எழுதச் சொன்னான். எழுதினார். பிறகு ஏறிக்கொண்டார். இந்தமுறை சாய்ந்து, வசதியாக உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. ஆன்றோ உறையின் ஒட்டைச் சோதித்துவிட்டுப் பிரித்தான்.

‘முழு இழப்பு முடிவு ரத்து செய்யப்படுகிறது. வாகனம் தங்களுக்கே உரியது.’ பெல்சி அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். “அப்பாடா. அடுத்த பக்கத்தப் பாக்காதீக” என்றாள். அவன் பார்த்தான்.

‘வாகனம் நல்ல நிலையில் உள்ளது என மேல்முறையீட்டு அதிகாரி நேரில் கண்டு சான்றளித்துள்ளார். நல்ல நிலையில் உள்ள வாகனத்துக்கு விபத்து நடந்திருக்க இயலாது. ஆகவே தாங்கள் குறிப்பிட்ட விபத்து நடைபெறவில்லை என முடிவு செய்யப்படுகிறது. பழுதுச் செலவு வழங்க இயலாது. நடைபெறாத விபத்துக்கு இழப்பீடு கோரியது ஏன் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தங்கள் மகிழ்ச்சியில் அரவணைப்பு குடும்பம் பங்குகொள்கிறது.’

சனிக்கிழமை காலை வியாகுலம்மாளை மதுரைக்குக் கூட்டிப்போனான். இடது கதவுகளை நைலான் கயிற்றால் உள்ளே இழுத்துக் கட்டியிருந்தான். வியாகுலம்மாள் வலது பக்கமாக ஏறி, இடுப்பை மெல்ல இறக்கி, சீட்டில் பொருந்தியதும் பெருமூச்சு விட்டார். திருப்பத்தூர் தாண்டும்வரை வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

“கடைசில என்னதான் சொன்னாக மாப்ளே? இது உசுரோட இருக்கா, செத்துருச்சா?”

“உசுரோடதான் இருக்காம் அத்தை. லாரிக்காரன் இடிச்சதுதான் நடக்கலையாம்.”

வியாகுலம்மாள் கயிற்றைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“அப்ப இது?”

“அதுக்குத்தான் என்னைய விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லிருக்காக.”

“எழுதாதீக.” அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது, யாரோ ஒட்டுக்கேட்பதுபோல. “ஒண்ணுமே எழுதாதீக மாப்ளே. வண்டி செத்துச்சுன்னாக. அப்புறம் பொழச்சிருச்சுன்னாக. நடந்தத நடக்கலன்னாக. நீங்க பாட்டுக்கு ஒரு தாள நீட்டுனீகன்னு வைங்க, அடுத்து உங்களத்தான் இல்லன்னு சொல்லுவாக.”

ஆன்றோ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனவன், ஹாரனை ஒருமுறை அடித்தான். லாரி ஒதுங்கவில்லை. இன்னொருமுறை, நீளமாக அடித்தான்.

லாரி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. தன் ஹாரன் யாருக்கோ கேட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.